ஏழு புரோக்கர், ஒரு வீடு

கேள்வி: ஐயா, திருச்சி கே.கே.நகரில் எங்கள் அப்பா 1994-இல் கட்டிய வீட்டை விற்க வேண்டும். 2,400 சதுர அடி மனை, தரைத்தளம் மட்டும், தெற்குப் பார்த்த வாசல். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா என்னோடு பெங்களூரில் இருக்கிறார், தம்பி துபாயில். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி எதிர்வீட்டு அக்காவிடம். நான்கு மாதமாக ஏழு புரோக்கர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஒருவர் ஒரு கோடி போகும் என்கிறார். இன்னொருவர், தெற்கு வாசல், 75 லட்சத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். எங்கள் எதிர்பார்ப்பு 92. இதற்கிடையில் தம்பி தன் நண்பர் மூலமாக வந்த ஒரு புரோக்கரிடம் "80 வந்தாலும் முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டான். இருபது பேருக்கு மேல் வீட்டைப் பார்த்துவிட்டார்கள், ஒருவர்கூட உட்கார்ந்து பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அப்பா இருந்தபோது ஒருமுறை விலை கேட்டார், அதன்பின் நாங்கள் அவரிடம் பேசவில்லை. இப்போது ஒரு புரோக்கர், "எனக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள், ஆறு மாதம் டைம், 2 சதவீதம்" என்கிறார். மற்றொருவர், "ஒருத்தரை நம்பினால் மோசம் போவீர்கள், பத்துப் பேரிடம் போட்டால்தான் விற்கும்" என்கிறார். எத்தனை பேரிடம் கொடுப்பது சரி?
வாசகி, பெங்களூரு

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் தரகன்தான். 22 வருடமாகத் திருச்சியில் இதே தொழில். என் பதிலில் தொழில் ஆசை கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு புரோக்கர் போதும். 90 நாள் கெடு, எழுத்தில். ஆறு மாதம் வேண்டாம். மற்ற ஆறு பேரும் தாராளமாக ஆள் கொண்டு வரட்டும், ஆனால் அந்த ஒருவர் வழியாக வரட்டும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இந்தக் கணக்கு மாறும். நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர்கள் மூன்று பேர் மூன்று ஊரில். இந்த நிலைமைக்குத்தான் ஒருவர் என்கிறேன்.

ஏழு பேரிடம் கொடுத்தால் ஏழு பேரும் ஓடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். என் கைபேசியில் இன்றைக்கு நாற்பது வீடு, மனை இருக்கிறது. அதில் ஐந்தாறுதான் ஓனர் என்னிடம் மட்டும் கொடுத்தது. மீதியெல்லாம் ஊரே வைத்திருக்கும் சொத்து. தினத்தந்தியிலோ தினமலரிலோ வரி விளம்பரம் கொடுக்க என் கைக்காசு போட வேண்டும். ஒரு பார்ட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவெறும்பூரிலிருந்து கே.கே.நகர் வரை போக என் பெட்ரோல். நான் அலைந்து காட்டிய வீட்டை மறுநாள் வேறொருவர் முடித்துவிட்டுப் போகலாம் என்றால், அந்த வீட்டுக்கு நான் ஏன் அலைவேன்? படத்தை நாலு வாட்ஸ்அப் குரூப்பில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பேன். உங்கள் ஏழு பேரும் இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தக் குரூப்பில் என்ன நடக்கிறது என்பது ஓனர்களுக்குத் தெரிவதில்லை. காலையில் ஒருவர் போடுவார்: "கே.கே.நகர், 5.5 சென்ட், சவுத் ஃபேசிங், கிரவுண்ட் ஃபுளோர், டைரக்ட் ஓனர், 95 லேக்ஸ், நெகோஷியபிள்." அதைப் பார்த்த இன்னொருவர் தன் பங்குக்கு மேலே ஏற்றி 1.02 என்று வேறு குரூப்பில் போடுவார். மத்தியானம் மூன்றாமவர், முடிந்தால் முடியட்டும் என்று 86 என்பார். மூன்றிலும் அதே படம்தான், உங்கள் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் அதே செம்பருத்திச் செடிதான். வாங்குகிறவர் முட்டாள் இல்லை. அவர் கைபேசிக்கும் மூன்றும் வந்திருக்கும். 86-க்குக் கிடைக்கிற வீட்டுக்கு 95 என்று யார் பேச ஆரம்பிப்பார்கள்? 86 சொன்னவர்கூட ஓனரைக் கேட்டுச் சொன்னாரா என்று சந்தேகம் வரும். அதனால் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். உங்கள் இருபது பேர் கதை இதுதான். அந்த இருபதிலும் ஒரே ஆளை இரண்டு புரோக்கர் இரண்டு தடவை கூட்டி வந்த கணக்கு எத்தனை என்று எதிர்வீட்டு அக்காவைக் கேட்டால் சொல்வார்.

சில வருடத்துக்கு முன் திருவானைக்காவலில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீடு. பதினொரு பேரிடம் சொல்லியிருந்தார், அதில் நானும் ஒருவன். வெளியில் 54 முதல் 70 லட்சம் வரை எல்லா விலையிலும் அந்த வீடு சுற்றியது. ஒரு வருடம் கழித்து 52-க்கு முடிந்தது. வாங்கியவர் வேறு யாருமில்லை, அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர். "முதலிலேயே வந்து கேட்டிருக்கலாமே சார்" என்றேன். "மூணு பேர் மூணு விலை சொன்னாங்க. நாலாவது ஆள் இன்னும் குறைச்சு சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார்.

இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம். உங்கள் வீட்டுக்குக் கெடுதல் செய்தது ஏழு புரோக்கர்கள் என்பதைவிட மூன்று வாய்கள். நீங்கள் 92 என்கிறீர்கள், தம்பி 80 என்கிறார், அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தம்பி சொன்ன 80 அன்று சாயங்காலமே என் மாதிரி ஆட்கள் காதுக்கு வந்திருக்கும். உங்கள் தரப்பில் யார் வாயிலிருந்து மிகக் குறைந்த தொகை வந்ததோ, சந்தையில் அதுதான் உங்கள் விலை. ஒரே ஒரு புரோக்கரை வைத்துக்கொண்டாலும் தம்பி தனியாக இன்னொருவரிடம் பேசினால் பழைய கதைதான். ஆகவே முதலில் வீட்டுக்குள் முடிவெடுங்கள். மூன்று பேரும் ஒரு நாள் போனில் உட்கார்ந்து, வெளியில் சொல்லும் விலை எவ்வளவு, அதற்குக் கீழே போக மாட்டோம் என்கிற விலை எவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது தொகை புரோக்கருக்குக்கூடத் தெரிய வேண்டாம். பேசுவது நீங்கள் ஒருவர்தான். தம்பிக்கு யாராவது போன் செய்தால், "அக்காகிட்ட பேசுங்க" என்ற இரண்டு வார்த்தை போதும்.

அடுத்த வேலை, பக்கத்து வீட்டுக்காரர். புரோக்கரிடம் எழுதிக் கொடுப்பதற்கு முன் அவரிடம் நீங்களே பேசுங்கள். ஒட்டிய மனைக்கு அவர் கொடுக்கும் விலையை வெளியாள் கொடுப்பது அபூர்வம். இரண்டும் சேர்ந்தால் அவருக்கு 2,400 சதுர அடி 4,800 ஆகிறது, பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பக்கத்தில் வீடு ஆகிறது. தெற்கு வாசல் என்று அவர் முகம் சுளிக்க முடியாது, அதே வரிசையில்தானே குடியிருக்கிறார். அவர் வேண்டாம் என்றாலும் நஷ்டமில்லை. புரோக்கருக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் அவர் பெயரை எழுதி, "இவர் வாங்கினால் கமிஷன் கிடையாது" என்று போட்டுவிடுங்கள். உறவுக்காரர்கள் யாராவது கேட்டிருந்தால் அவர்கள் பெயரும் அதே வரியில் வர வேண்டும். இதைச் செய்யாமல் "எனக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு உங்கள் சித்தப்பா மகன் வாங்கினாலும் புரோக்கர் வந்து கமிஷனுக்கு நிற்பார். கேட்டால் தாளைக் காட்டுவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

"ஒருத்தரை நம்பினால் மோசம் போவீர்கள்" என்றாரே, அவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. அதற்கு என் கதையே சாட்சி. தொழிலுக்கு வந்த நாலாவது வருடம் ஒரு அம்மா உறையூர் வீட்டை என்னிடம் மட்டும் கொடுத்தார். வேறொரு தரகர் நல்ல பார்ட்டியோடு வந்தார். அந்தப் பார்ட்டிக்கு விற்றால் வாங்குபவர் தரப்புக் கமிஷன் அவருக்குப் போய்விடும். நானே ஆள் பிடித்தால் இரண்டு பக்கமும் எனக்கு. "ஓனர் ஊரில் இல்லை" என்று சொல்லி மூன்று வாரம் இழுத்தேன். பார்ட்டி வேறு வீடு வாங்கிவிட்டது. அந்த அம்மாவின் வீடு ஏழு மாதம் கழித்து, அதைவிடக் குறைந்த விலைக்குத்தான் போனது. அவரிடம் நான் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

அதனால்தான் ஆறு மாதம் வேண்டாம், 90 நாள் என்கிறேன். 90 நாளில் வேலை செய்கிற புரோக்கரா இல்லையா என்று முப்பதாவது நாளே தெரிந்துவிடும். கெடு எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். நடுவில் ஆடியோ மார்கழியோ விழுந்தால் வீடு பார்க்க வருவார்கள், ஆனால் முன்பணம் கொடுக்கவும் பத்திரம் போடவும் தள்ளிப் போடுவார்கள். அந்த 90 நாள் உண்மையில் 60 நாள்தான். முடிந்தால் ஆடி தாண்டி ஆவணியிலோ, தை பிறந்த பிறகோ எழுதிக் கொடுங்கள்.

எழுதிக் கொடுப்பது என்றால் பெரிய பத்திரம் வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் விலை, கெடு முடியும் தேதி, கமிஷன் எத்தனை சதவீதம், அது எப்போது கொடுக்கப்படும், யார் யார் வாங்கினால் கிடையாது என்று இருக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒரு வரி: வேறு தரகர்கள் ஆள் கொண்டுவந்தால் மறுக்காமல் வீட்டைக் காட்ட வேண்டும், வாங்குபவர் தரப்புக் கமிஷன் அவர்களுடையது. என்னைப் போல் இழுத்தடிப்பவரை இந்த ஒரு வரி கட்டிப்போடும். மற்ற ஆறு பேருக்கும் அவர்கள் கூலி உண்டு என்பதால் அவர்களும் விலகிப் போக மாட்டார்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன் யாரைக் கூட்டிப் போகிறார், யார் மூலம் வந்த ஆள் என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். இது வேவு பார்க்கிற வேலையில்லை. நாளைக்கு "நான்தான் முதலில் காட்டினேன்" என்ற சண்டை வரும்போது தேதியோடு பதில் உங்கள் கைபேசியிலேயே இருக்கும்.

அந்தச் சண்டையை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் நடக்கும். உள்ளே கைரேகை வைத்துவிட்டு ஓனர் வெளியே வருவார். வேப்பமரத்தடியில் ஐந்து பேர் நிற்பார்கள். அதில் இரண்டு பேரை அவர் வாழ்நாளில் பார்த்தே இருக்க மாட்டார். ஒருவர் பார்ட்டிக்குப் போன் நம்பர் கொடுத்தவர், ஒருவர் அந்த நம்பரை அவருக்குக் கொடுத்தவர். "சார், எங்களையும் கவனிங்க" என்பார்கள். ஒரு தடவை என் கண்ணெதிரில் ஒருவர் வாங்கியவரின் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். தீர்ந்தது கடைசியில் 5,000 ரூபாயில். ஆனால் புது வீடு வாங்கிய மனிதர் அன்று வேர்த்து விறுவிறுத்துப் போனதை நான் மறக்கவில்லை.

கமிஷன் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இத்தனை சதவீதம் என்று சட்டம் எதுவும் இல்லை, எல்லாம் வழக்கம்தான். விற்பவரிடம் ஒன்று முதல் இரண்டு, வாங்குபவரிடம் ஒன்று முதல் இரண்டு. 90 லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் 90,000, 2 சதவீதம் என்றால் 1,80,000. உங்கள் புரோக்கர் 2 கேட்கிறார். மேலே சொன்ன நிபந்தனைகளுக்கெல்லாம் ஒத்துக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை யார் வந்தார், என்ன கேட்டார், ஏன் போனார் என்று சொல்வதாக இருந்தால் 2 கொடுக்கலாம். வெறுமனே படம் அனுப்புவதற்கு 1-கூட அதிகம். எனக்குத் தோன்றும் நடுவழி: உங்கள் விலைக்கோ அதற்கு மேலோ முடித்தால் 2, அதற்குக் கீழே நீங்கள் சம்மதித்து முடித்தால் 1. எதுவானாலும் பதிவு முடிந்து முழுப் பணம் உங்கள் மூன்று பேர் கணக்கிலும் ஏறிய அன்றுதான் கொடுப்பது. முன்பணம் வாங்கிய அன்றே பாதி கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அலுவலகம் வைத்து நடத்தும் கம்பெனி புரோக்கர் என்றால் கமிஷனுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து எந்தப் புரோக்கரிடமும் வரக் கூடாது: "எனக்குக் கையில் இவ்வளவு வந்தால் போதும்." நாங்கள் இதை நெட் ரேட் என்போம். நீங்கள் 85 என்று சொன்னால் அதற்கு மேல் எவ்வளவு வைத்து விற்கிறாரோ அது அவருடையது. 96-க்கு வாங்க ஆள் இருந்தும் உங்களிடம் 85 பற்றியே பேசுவார். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆவது பிரிவு, உங்களுக்காக வேலை செய்கிறவர் உங்களுக்குத் தெரியாமல் அதே காரியத்தில் தன் சொந்தக் கணக்குப் பார்த்தால் அந்த லாபத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம் என்கிறது. ஆனால் நெட் ரேட்டுக்கு நீங்களே தலையாட்டிவிட்டால், "அவருக்குத் தெரிந்துதான் செய்தேன்" என்பார்.

இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான். புரோக்கரே ஒன்றிரண்டு லட்சம் டோக்கன் கொடுத்து, "என் பெயருக்கோ நான் சொல்லும் ஆள் பெயருக்கோ" என்று கிரய ஒப்பந்தம் போடச் சொல்வார். ஆறு மாதம் டைம் கேட்பார். அந்த ஆறு மாதமும் உங்கள் வீட்டை அவர் விலைக்கு விற்றுக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியலில், ஏறிவிடும். பிறகு அவர் வந்து கையெழுத்துப் போட்டு ரத்து செய்யாமல் அடுத்தவர் பக்கத்தில் வர மாட்டார். உங்கள் சார்பில் கையெழுத்துப் போடப் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) கேட்பவரும் உண்டு. இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். துபாயில் இருக்கும் தம்பி அதிகாரம் கொடுப்பதாக இருந்தால் உங்களுக்கோ அம்மாவுக்கோ கொடுக்கட்டும். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். தாள் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அலட்சியமாக அலமாரியில் போட்டுவிடாதீர்கள். தம்பி வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்குத் தொகையில் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி உங்கள் பங்கைவிட நிறைய. ஆடிட்டர் ஒருவரை இப்போதே பார்த்து, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்குத் தம்பி விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள். கடைசி வாரத்தில் இது தெரிந்து பின்வாங்கிய வாங்குபவர்களை எனக்குத் தெரியும்.

யாரை அந்த ஒருவராக வைப்பது? "எனக்கு மட்டும்" என்று கேட்டவரையே வைக்க வேண்டும் என்றில்லை. ஒரு கோடி போகும் என்றவரை முதலில் கழித்துவிடுங்கள். வீட்டைக் கையில் வாங்க ஆசை காட்டுவது பழைய வித்தை, மூன்றாவது மாதம் அவரே "மார்க்கெட் டல் மேடம்" என்பார். மீதி ஆறு பேருக்கும் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். கே.கே.நகர், அய்யப்ப நகர் பக்கம் கடைசியாக நீங்கள் முடித்த பழைய வீடு எது, எப்போது பத்திரம் ஆனது? இது பொய்யா மெய்யா என்று பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே வில்லங்கம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது கேள்வி: எங்கள் வீட்டில் என்ன குறை சொல்லி விலை குறைப்பார்கள்? "ஒரு குறையும் இல்லை மேடம்" என்பவர் வேண்டாம். "தெற்கு வாசல், கார் நிறுத்த இடம் கம்மி, முப்பது வருடத்துக் கட்டடம், மனை விலைக்குத்தான் கேட்பார்கள், அதனால் மேலே மாடி கட்ட விரும்புகிறவராகப் பார்க்க வேண்டும்" என்று எவர் சொல்கிறாரோ அவர் உங்கள் வீட்டை உண்மையாகவே சுற்றிப் பார்த்திருக்கிறார். 75-க்கு மேல் போகாது என்றாரே, அவரையும் இந்தக் கேள்வியோடு இன்னொரு முறை கேளுங்கள். விலையில் அவர் கஞ்சமாக இருக்கலாம், ஆனால் கண் சரியாக இருக்கலாம்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு புதிய அடுக்குமாடி, மனைப்பிரிவுத் திட்டங்களை விற்றுக் கொடுக்கும் ஏஜென்டுகளுக்குத்தான் கட்டாயம். உங்கள் வீடு மாதிரி தனி வீட்டின் மறுவிற்பனைக்கு அது தேவையில்லை. இருந்தால் நல்லது, ஆனால் அதை வைத்துத் திறமையை எடைபோட முடியாது.

அமெரிக்காவில் இந்தத் தலைவலி குறைவு. விற்பவர் ஒரே ஏஜென்டிடம் எழுதிக் கொடுப்பார், அவர் ஊர்ப் பொதுப் பட்டியலில் ஏற்றுவார், மற்ற ஏஜென்டுகள் அதைப் பார்த்து ஆள் கூட்டி வருவார்கள். எல்லோரும் பார்க்கிற விலை ஒன்றுதான். நம் ஊரில் அப்படிப் பொதுப் பட்டியல் கிடையாது. ஒரு முதன்மைப் புரோக்கரை வைத்து மற்றவர்களை அவர் வழியாக வரச் சொல்வது, அதை நாமே கையால் செய்துகொள்வது மாதிரி.

நீங்கள் திருச்சியிலேயே இருந்திருந்தால், சாவி உங்கள் இடுப்பில் இருந்திருந்தால், இரண்டு மூன்று பேர் என்று சொல்லியிருப்பேன். அதுவும் ஒரே வட்டத்து ஆட்களாக இல்லாமல். உள்ளூரில் நடந்தே வீடு காட்டுபவர் ஒருவர், சிங்கப்பூர், வளைகுடாப் பணம் வருகிற குடும்பங்களோடு பழக்கம் உள்ளவர் ஒருவர், பெல் நிறுவனத்தில் ஓய்வு பெறுகிறவர்களைத் தெரிந்தவர் ஒருவர் என்று. காலி மனை என்றால் இன்னும் இரண்டு பேர் கூடினாலும் பரவாயில்லை, திறந்து காட்டச் சாவி வேண்டாம், உள்ளே திருடுபோக ஒன்றுமில்லை. அப்போதும் எல்லோருக்கும் ஒரே விலையை, ஒரே நாளில், எழுத்தில்.

இப்போதிருக்கும் ஏழு பேரிடமிருந்து எப்படி விலகுவது என்று தயங்குவீர்கள். ஒருவருக்கும் முகம் முறிய வேண்டாம். ஏழு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்: "வணக்கம். எங்கள் கே.கே.நகர் வீட்டு விற்பனையை இன்றுமுதல் இன்னார் ஒருவர் கவனிக்கிறார். விலை இவ்வளவு, இதற்கு முன் யார் சொன்ன விலையும் செல்லாது. நீங்கள் ஏற்கனவே அழைத்து வந்து வீட்டைக் காட்டியவர்களின் பெயரை மூன்று நாளுக்குள் அனுப்பினால், அவர்களில் ஒருவர் வாங்கும்போது உங்கள் கமிஷன் உங்களுக்கே. புதிதாக ஆள் இருந்தால் அவரைத் தொடர்புகொள்ளுங்கள்." பெயர் அனுப்புகிறவர்களை நம்பலாம். அனுப்பாதவர் காட்டியதே இல்லை என்று அர்த்தம். அந்தப் பட்டியலைப் புதுப் புரோக்கருக்கும் கொடுத்துவிடுங்கள், அந்தப் பெயர்களுக்கு உங்கள் தரப்புக் கமிஷன் அவருக்குக் கிடையாது என்று கடிதத்திலும் ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் ஒரே வீட்டுக்கு இரண்டு பேருக்குக் கொடுக்கும்படி ஆகும்.

அந்தச் செய்தி போனபிறகு ஒன்றிரண்டு மாதம் வீட்டைச் சந்தையில் காட்டாமல் வைத்தாலும் தவறில்லை. நாலு மாதமாகச் சுற்றிய சொத்து என்று பெயர் வந்துவிட்டது, அது கொஞ்சம் மறக்கட்டும். அதற்குள் வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், அப்பா வாங்கிய மூலப்பத்திரம், இன்றைய தேதி வரை வில்லங்கம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால் சொல்லுங்கள். அப்பா உயில் எழுதி வைக்கவில்லை, வீடு அவர் சுயமாகச் சம்பாதித்தது என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி பாட்டிக்கும் உங்கள் மூவரோடு சமபங்கு உண்டு, அவர் கையெழுத்தில்லாமல் எவரும் வாங்க மாட்டார்கள். பத்திரத்தின் நகலை ஏழு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்களா? இனி அனுப்பாதீர்கள். ஓனர் ஊரில் இல்லாத பூட்டிய வீடு, கையில் முழுப் பத்திர நகல், இரண்டும் சேர்ந்தால் ஆள்மாறாட்டக்காரனுக்கு அல்வா. வாங்குபவர் உண்மையில் பேச்சுக்கு வந்து வக்கீலிடம் காட்ட வேண்டும் என்றால் மட்டும், குறுக்கே அவர் பெயரும் தேதியும் எழுதிய நகலைக் கொடுங்கள். முன்பணம் வாங்கும்போது வங்கி வழியாகவே வாங்குங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வர இடமிருக்கிறது.

அடுத்த முறை திருச்சி வரும்போது முதல் வேலையாக வாசல் பூட்டை மாற்றிவிடுங்கள். நாலு மாதமாக ஏழு பேர் அந்தச் சாவியை வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை டூப்ளிகேட் போட்டார்கள் என்று எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரியாது. புதுச் சாவியில் ஒன்று அந்த அக்காவிடம், ஒன்று புரோக்கரிடம். தண்ணீர் மோட்டாரின் மெயினை அணைத்து வைத்துவிட்டு வாருங்கள்.